மழைக்கு ஒதுங்கிய ஒருவர் இப்போது ஒன்பது பேர். அரச மானியம் ஏதும் கிடைக்குமா?

கேட்டவர்: தையல்கடை (மட்டக்களப்பு)

வணக்கம். கோட்டைமுனையில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். வீடு கல்லடி உப்போடையில். போன மாரியில் ஓர் இரவு கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், விறாந்தையில் ஒரு அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் துருப்பிடித்த பிஸ்கட் ரின் ஒன்று. தன் தலை நனைந்தாலும் பரவாயில்லை என்று சீலைத் தலைப்பால் அதை மூடியிருந்தார். "மழை விட்டதும் போயிடுவன் மகள்" என்றார். மழை நாலு நாளாக விடவில்லை. அப்பா இருந்த பழைய வீடு பூட்டிக் கிடந்தது, அங்கே கொண்டுபோய் விட்டேன். அப்புறம் அவரே பஸ் நிலையத்தில் தெரிந்த இன்னொருவரைக் கூட்டிவந்தார். ஊரில் கதை பரவினால் கேட்கவா வேண்டும்.

இப்போது ஒன்பது பேர். அறுபது கடந்தவர்கள் 6 பேர், அதில் 4 பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வயது அவர்கள் வாயால் சொன்னதுதான். அடையாள அட்டை இருப்பது ஒரே ஒருவருக்கு. மாதம் ஒருமுறை மனநலக் கிளினிக்கில் ஊசி போடும் ஒரு தம்பி இருக்கிறார். புருஷனின் அடி தாங்காமல் படுவான்கரையில் இருந்து ஏழு வயது மகளோடு வந்த ஒரு பிள்ளையும் இருக்கிறாள்.

மாதம் 80 கிலோ அரிசி போகிறது. கிலோ 230 என்று வைத்தாலே 18,400 ரூபா. சமைக்க வரும் அக்காவுக்கு 20,000. கறி, காஸ், கரண்ட், மருந்து எல்லாம் சேர்த்தால் 76,000 தாண்டுகிறது. சுவிஸில் இருக்கும் தம்பி 30,000 அனுப்புகிறான். மிச்சம் நான் தைக்கும் சட்டைகளில் இருந்து வரவேண்டும்.

ஒரு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "இது முதியோர் இல்லமா, சிறுவர் இல்லமா, மாற்றுத்திறனாளிகள் நிலையமா?" என்றார்கள். எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் என்றேன். போமில் அதற்குக் கூடு இல்லையாம். வெளிநாடுகளில் வீடில்லாதவர்களின் தங்குமிடத்துக்கு அரசே காசு கொடுக்கிறது என்று வாசித்திருக்கிறேன். நம் நாட்டில் அப்படி ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், வழி வேண்டும்.

—

பதில்: வயல்காரன் (வெல்லாவெளி)

தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. பஸ் நிலையத்தில் படுப்பவர்களில் பாதிப் பேர் பின்னேரமானால் தவறணையில்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு. வெள்ளத்தில் வேளாண்மை அழிந்தவனுக்கு நட்டஈடு கிடைக்க ஒரு வருசம் அலைய வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு மானியம் என்றால் நாளைக்கு உங்கள் வீட்டில் ஒன்பது தொண்ணூறாகும்.

—

பதில்: தையல்கடை

குடிக்கிறவர் ஒருவர் இருந்தார் தம்பி. வாசலில் ஒரு சட்டம் போட்டேன், அவர் போய்விட்டார். மிச்சப் பேர் வெறுந்தேயிலைச் சாயம் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. சீனி போட்ட சாயம். அதுதான் செலவு.

—

பதில்: பழைய பைல் (களுவாஞ்சிகுடி)

மகள், நான் சமூக சேவைப் பக்கம் 31 வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் அம்பாறை மாவட்டத்தில், பாதிக் காலம் மட்டக்களப்பில். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், சாயம் ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

"வீடற்றோர் தங்குமிடம்" என்று ஒரு செலவுத் தலைப்பு நம் நாட்டில் இல்லை. அதனால்தான் போமில் கூடு இல்லை, அலுவலகத்தில் இருந்த பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் நகர்ப்புற வீடற்றோருக்கென்றே 2013இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு லட்சம் சனத்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஓர் இடம் என்று கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் நடக்கிறதா என்பது வேறு கதை, ஆனால் கேட்க ஒரு வரி இருக்கிறது. நம்மிடம் இருக்கும் வரி என்ன தெரியுமா? 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், 1907இன் தடுப்பு இல்லச் சட்டம். வீடில்லாதவனைப் பிடிக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது. அவனுக்குப் பாய் விரிக்கச் சட்டம் இன்னும் வரவில்லை.

ஆகையால் கூரைக்கு மானியம் கேட்டு அலையாதீர்கள். தலைக்குக் கேளுங்கள். ஒன்பது தலைக்கும் ஒன்பது பைல்.

முதியவர்கள் ஆறு பேர் என்றீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். அறுபது வயதானவர் முதியவர். அதாவது ஆறாவது ஆள் வாசலைத் தாண்டிய அன்றே நீங்கள் உங்களை அறியாமல் ஒரு முதியோர் இல்லம் நடத்தத் தொடங்கிவிட்டீர்கள். பயப்பட வேண்டாம், அதுதான் உங்கள் கதவும். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், முதலில் அவரிடம் போங்கள். பதிவான தொண்டர் இல்லங்களுக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களம் ஆள் கணக்கில் மாத உதவி கொடுக்கும் முறை இருக்கிறது. சின்னத் தொகைதான், அதுவும் சுணங்கி வரும். மூன்று மாதச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதை நம்ப வேண்டும்.

பதிவுக்கு நீங்கள் தனி ஆளாகப் போனால் நடக்காது. ஒரு சபை, நிர்வாகக் குழு, கூட்டக் குறிப்பு, இரண்டு கையெழுத்து வைத்த வங்கிக் கணக்கு, கணக்கறிக்கை எல்லாம் வேண்டும். அப்பாவின் வீடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். சபைக்கு ஒரு குத்தகை எழுதாவிட்டால் நாளைக்குச் சகோதரங்களே வந்து நிற்பார்கள். (சுவிஸ் தம்பி நல்லவராகவே இருக்கலாம். நான் பொதுவாகச் சொல்கிறேன்.)

அந்தச் சின்னப்பிள்ளை விசயம் அவசரம். பிள்ளையை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குத் தெரியாமல் ஒரு நாளும் வைத்திருக்காதீர்கள். நல்ல மனதோடு வைத்திருந்தாலும் எழுத்தில் இல்லாவிட்டால் அது குற்றம் மாதிரியே தெரியும். தாயை 1938 மகளிர் உதவி இலக்கத்துக்குப் பேச வையுங்கள். 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்கு வேண்டியது உங்கள் பாய் இல்லை, அடிக்கிறவன் வெளியே போவதுதான்.

சரி, காசுக்கு வருவோம். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும திட்டத்தில் எழுபது கடந்த வறியவருக்கு மாதம் 3,000 ஆக இருந்தது, 2025இல் 5,000 ஆக்கினார்கள். மாற்றுத்திறனாளிக்கு 7,500 ஆக இருந்தது 10,000 ஆனது. உங்கள் வீட்டில் நாலு பேர் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் 20,000. அந்தத் தம்பி தகுதி பெற்றால் இன்னொரு 10,000. மாதம் 30,000 ரூபா உங்கள் அப்பா வீட்டில் பாய் போட்டுப் படுத்திருக்கிறது மகள். கேட்ட உடனே வராது, பரிசீலனை, பட்டியல், காத்திருப்பு எல்லாம் உண்டு. வந்தாலும் அது அவர்களுடைய காசு. வங்கிப் புத்தகத்தை வாங்கி உங்கள் அலுமாரியில் வைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதை அவர்களையே சொல்ல விட்டு ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்லாய் நடந்த இல்லங்கள் கெட்டது இந்த இடத்தில்தான்.

ஆனால் அடையாள அட்டை இல்லாமல் ஒன்றும் நகராது. கிராம உத்தியோகத்தர் "இவர் என் பிரிவுக்காரர் இல்லை" என்பார். அவரும் என்ன செய்வார், வீட்டு இலக்கம் கேட்கும் இடத்தில் பஸ் நிலையம் என்று எழுத முடியுமா? ஆகவே உங்கள் வீட்டில் இன்னார் இன்ன திகதியில் இருந்து தங்கியிருக்கிறார் என்று ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். வாக்காளர் இடாப்புப் பதிவு நடக்கும்போது உங்கள் வீட்டு இலக்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் கொப்பியில் விலாசத்தை மாற்றுங்கள். ஒரு மனிதன் ஓர் இடத்தில் இருக்கிறான் என்பதை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு ஐயா பஸ் நிலையத்தில் நடைபாதைக் கடைக்குப் பின்னால் படுப்பார். கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. அட்டையும் வன்செயலோடு போயிற்று. ஆனால் இலக்கம் மட்டும் பாடம். "நாற்பத்திரண்டு…" என்று தொடங்கி தேவாரம் மாதிரிச் சொல்லி, "வி" என்று முடிப்பார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். அவர் 1942 என்று அந்த இலக்கமே சொல்லிவிட்டது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் சான்று, அந்த இலக்கம், மூன்றையும் வைத்துப் பிரதி அட்டை எடுத்தோம். உங்கள் ஆட்களிடமும் கேட்டுப் பாருங்கள். பேர் மறந்தவர்கூட அந்த இலக்கத்தை மறக்க மாட்டார். சோதனைச் சாவடிகளில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்!

இன்னொரு காசு, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. பதிவான சபைக்குப் பொருளாகக் கிடைக்கும். கட்டில், மெத்தை, தண்ணீர்த் தாங்கி கேளுங்கள். சமையல்காரியின் சம்பளம் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் கதிரையும் குவிந்து கிடப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? மாநகர சபையிடம் கேட்பதானால் ஒக்டோபருக்கு முதல் மனு போக வேண்டும். பாதீடு வருசக் கடைசியில் முடிந்துவிடும், மறுகா போனால் அடுத்த வருசம்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த அம்மாவின் பிஸ்கட் ரின்னில் என்ன இருக்கிறது?

—

பதில்: தையல்கடை

ஐயா, இதை அப்படியே அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். ரின்னைத் திறக்க அவர் விடுவதில்லை. பொலித்தீனில் சுற்றிய காகிதம் ஏதோ இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்?

—

பதில்: பழைய பைல்

என் வேலைக் காலத்தில் ரோட்டில் கண்ட கிழவிகளில் பலர் ஒரு காலத்தில் வீட்டுக்காரிகள் மகள். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். மூத்தவளுக்கு வளவில் ஒன்று, இளையவளுக்கு இருக்கிற வீடு, தாய் தகப்பன் குசினிப் பக்கம் ஒரு பத்தியில். மகள் உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவள் செத்தாலோ, வெளிநாடு போனாலோ, மருமகன் வீட்டை ஈடு வைத்தாலோ கிழவி ரோட்டில்.

நன்கொடை உறுதி எழுதும்போது "எனது சீவிய உரித்தை ஒதுக்கிக்கொண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை எழுதிக் கொடுத்தவருக்கே. அந்த ஒரு வரிக்கு நொத்தாரிசு தனியாகக் காசு கேட்கப் போவதில்லை. வீடிழப்பைத் தடுக்க இவ்வளவு மலிவான வழி எனக்கு வேறு தெரியாது. கல்யாண அவசரத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்த வரியை வெட்டச் சொல்வார்கள், நம் ஆட்களும் வெட்டிவிடுவார்கள். ரின்னில் உறுதிப் பிரதி இருக்கும் என்று என் மூக்கு சொல்கிறது.

—

பதில்: கிழக்கு லண்டன்

நான் தாழங்குடா. இங்கே ஒரு விடுதியில் இரவு வேலை, வீடில்லாதவர்கள் தங்கும் இடம். அக்கா வெளிநாட்டைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அடுத்த வருசம் நடைமுறைப்படுத்தினார்கள். ஒருவர் 56 நாளைக்குள் வீடிழக்கப் போகிறார் என்றால் அப்போதே கவுன்சில் தலையிட வேண்டும். ரோட்டுக்கு வந்த பிறகு இல்லை. அதற்கென்று கவுன்சில்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. 2025–26 வரை அதன் பேரே வீடிழப்புத் தடுப்பு மானியம். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. நடப்பது என்ன? வீடிழந்த குடும்பங்களைத் தற்காலிக அறைகளில் வைக்கும் வாடகையே அந்தக் காசைத் தின்றுவிடுகிறது. கடைசியில் 2025–26க்கு, மானியத்தில் 49 சதவீதத்தைத் தற்காலிக அறைக்குத் தொடக்கூடாது என்று அரசே கோடு கிழிக்க வேண்டி வந்தது. இரண்டு மாத வாடகை பாக்கியை அடைத்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கக்கூடிய குடும்பத்தை, அதைவிடப் பல மடங்கு காசு கொடுத்து ஒரே அறையில் வைத்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஐயா சொன்ன அந்த ஒரு வரி உறுதியை எங்கள் மனேஜருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், சிரித்துவிட்டு மறுபடி கேட்டார்.

இன்னொன்று. இங்கே ஒக்டோபர், நவம்பருக்குள் ஏதாவது ஓர் இரவைத் தெரிவுசெய்து தெருவில் படுப்பவர்களை எண்ணுவார்கள். குறையுள்ள கணக்குத்தான். ஆனால் அந்த எண் இல்லாமல் யாரும் காசு கேட்க முடியாது. அக்கா, நீங்களும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓர் இரவு பஸ் நிலையம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், மாமாங்கக் கோயிலடி என்று சுற்றி எண்ணுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். எண்ணிக்கை, ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, அவ்வளவுதான். மாநகர சபை மனுவில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

—

பதில்: கடற்கரை வளவு (சாய்ந்தமருது)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். லண்டன் தம்பி சொன்ன வாடகை விசயத்தை எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் ஸகாத் காசில் செய்கிறோம். புருஷன் மௌத்தான ஒரு தங்கச்சிக்கு நாலு மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரர் சாமானை வெளியே வைக்கத் தயாராகிவிட்டார். பாக்கியை நேரே வீட்டுக்காரர் கையில் கொடுத்து, இன்னும் ஆறு மாதத்துக்கு எழுத்தில் உடன்பாடு வாங்கினோம். அவவின் கையில் காசு கொடுக்கவில்லை, அது அவமானம் இல்லாமல் முடிந்தது. இது அரச மானியம் இல்லைதான். ஆனால் அரச காசு வரும்வரை யாரோ ஒருவர் வாசலில் நிற்க வேண்டுமே.

வீடு கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று யாரும் நினைக்காதீர்கள். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். கடலோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். எங்கள் வளவே அதற்குள்தான். தகரக் கொட்டிலில் நாலு வருசம் இருந்தோம், மத்தியானத்தில் உள்ளே இருந்தால் அவிந்து போவோம். அந்தப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி உதவியோடு 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்கு என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம்வரை போய், கட்டிய வீடுகள் வருசக்கணக்காகக் காடு பத்திக் கிடந்தன. காசும் இருந்தது, வீடும் இருந்தது, வீடில்லாத ஆட்களும் இருந்தார்கள். நாங்கள் கொட்டிலில் இருந்து அந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்தோம்.

தங்கச்சி, மாதம் இரண்டு மூடை அரிசி அனுப்ப எங்கள் மஹல்லாவில் ஆள் இருக்கிறது. எந்த மதம் என்று கேட்க மாட்டோம். ஆட்டோவில் ஏற்றி விடுகிறேன், இறக்க ஆள் பார்த்து வையுங்கள்.

—

பதில்: வயல்காரன்

சாய்ந்தமருதுக் காக்கா அரிசி அனுப்பும்போது நான் சும்மா இருந்தால் நல்லாயில்லை. மாரி வேளாண்மை வெட்டினதும் என் பங்குக்கு நெல்லாக ஒரு மூடை. குத்துகிற கூலி அக்காவின் பாடு.

—

பதில்: தையல்கடை

மூன்று கிழமையாயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சபை ஆரம்பித்துவிட்டோம். தலைவர் பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார், பொருளாளர் நான், செயலாளர் யாரும் கிடைக்காமல் கடையில் காஜா எடுக்கும் பிள்ளையைப் போட்டிருக்கிறது. முதல் கூட்டக் குறிப்பில் "தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்று எழுதியிருக்கிறாள். தேநீர் கொடுக்கவே இல்லை.

தாயும் மகளும் விசயத்தைத் திணைக்களத்துக்குத் தெரிவித்தாயிற்று. ஓர் உத்தியோகத்தர் வந்து பிள்ளையோடு தனியாகப் பேசினார். தாயின் அக்கா செங்கலடியில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது, எங்களிடம் அவள் சொல்லவே இல்லை. இப்போது இருவரும் அங்கே. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளாம்.

ஓர் இரவு ஐந்து பேர் போய் எண்ணினோம். 23 பேர். ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்தவர்களில் சிலர் நோயாளியின் சொந்தக்காரர்கள், தூரத்து ஊர்க்காரர்கள். அவர்களை எண்ணவில்லை. மனுவின் முதல் வரியில் அந்த எண்தான்.

ரின் கதைக்கு வருகிறேன். ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீவிய உரித்து என்ற சொல் வந்ததும் "மறுகா வாசி" என்றார். மூன்று தரம் வாசித்தேன். அடுத்த நாள் விடிய ரின்னை என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, முற்றம் கூட்டப் போய்விட்டார். உள்ளே 1998இல் எழுதிய நன்கொடை உறுதியின் பிரதி, மடித்த இடமெல்லாம் கிழிந்து. இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது ஐயா. யாரும் வெட்டவில்லை. இருபத்தேழு வருசமாக அவருக்கே தெரியாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர், கைநாட்டுத்தான் வைத்திருக்கிறார். மகள் இறந்து மருமகன் வேறு கல்யாணம் முடித்ததும் "இது உங்கட வீடில்ல" என்று சொன்னானாம், கேட்டுக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்.

உறுதியின் முதல் பக்கத்தில், பேருக்குப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும் இருந்தது. 48 என்று தொடங்குகிறது, அடுத்த மூன்றும் அறுநூற்றுச் சொச்சம். ஐயா சொன்ன கணக்கு சரிதான்.

முதியோர் பராமரிப்புச் சபைக்கும் போகலாம், வழக்கும் போடலாம் என்று உரிமைகள் உத்தியோகத்தர் சொன்னார். அம்மாவுக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. "அவன்ட கையால சோறு திங்க ஒண்ணா" என்கிறார். ஆனால் தான் இறங்கி வந்தது தன்னுடைய வீட்டில் இருந்துதான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறார். அரிசி இறக்க வந்த ஆட்டோக்காரரிடமும் சொன்னார்.

நாளைக்கு அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போகிறோம். மூன்று சீலையைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, எது நல்லது என்று காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றும் என் கடையில் தைக்கக் கொடுத்தவர்கள் எடுக்காமல் விட்டுப்போனவை. நீலம் என்றேன். அவர் மஞ்சளைத்தான் மடித்து எடுத்து வைத்திருக்கிறார்.